வாயை மூடாத லைப்ரரி

"ஹியர் 1". "ஹியர் 2". "ஹியர் 2ஏ". அதற்கடுத்து ஒரு முழு வரிக்கு ஹெக்ஸ் எண்கள். மறுபடியும் "ஹியர் 1". நேற்று நள்ளிரவு, சிப் அனுப்பும் எழுத்துகளைக் கணினியில் காட்டும் என் சீரியல் திரையில் இப்படிக் கொட்டிக்கொண்டே இருந்தது. இதில் ஒரு எழுத்தும் நான் எழுதியதில்லை. எல்லாம் ஒரு சென்சார் லைப்ரரியின், அதாவது சென்சாரை இயக்க வேறொருவர் எழுதிவைத்த நிரலின், புலம்பல்.

பிழை தேட இந்த வரிகளை எழுதிய புண்ணியவான் தன் பிழையைக் கண்டுபிடித்துவிட்டு, இவற்றை அழிக்காமலே போய்விட்டார். அந்த 2ஏ-வைப் பார்த்தாலே தெரிகிறது, 2-க்கும் 3-க்கும் நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டு அவசரமாகச் செருகியிருக்கிறார். பட்ட பாடு புரிகிறது ஐயா! அதை நான் எதற்கு ராத்திரி முழுக்கக் கேட்க வேண்டும்?

எந்தச் செய்திகள் அச்சாக வேண்டும் என்று சொல்லும் லாக் அளவைக் குறைத்து, பிழைகள் மட்டும் போதும் என்றேன். அசையவில்லை. எதுவுமே வேண்டாம் என்றேன். அப்போதும் "ஹியர் 1". அந்த அளவை மதிக்கும் லாக் மேக்ரோ பக்கமே மனிதர் போகவில்லை, எல்லா இடத்திலும் நேரடியாக பிரின்ட்எஃப், அதாவது எதையும் கேட்காமல் அச்சிடும் ஃபங்ஷன். வேண்டாதபோது இந்த வரிகளை நிரலிலிருந்து விலக்கிவிடும் ஒரு இஃப்டெஃப் போட கை வலித்ததா?

நாலு எழுத்து கூடுதலாக வந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: 115200 பாட் வேகத்தில், அதாவது வினாடிக்கு 115200 பிட், தொடக்க பிட்டும் நிறுத்த பிட்டும் சேர்த்து ஓர் எழுத்துக்கு 10 பிட். வினாடிக்கு 11520 எழுத்துதான் போகும். 80 எழுத்துள்ள அந்த ஹெக்ஸ் வரி வெளியேற ஏறக்குறைய 7 மில்லிவினாடி. அதுவரை சிப் கைகட்டி நிற்கிறது. என் மோட்டார் கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு மொத்த அவகாசமே 5 மில்லிவினாடி.

பொறுமை இழந்து லைப்ரரியைத் திறந்து அத்தனை வரிகளையும் வெட்டி எறிந்தேன். திரை அமைதியானது. சென்சாரும் செத்தது. வருவதெல்லாம் சுழியம்.

ஒரு மணி நேரம் மண்டையை உடைத்த பிறகுதான் விளங்கியது. அளவிடச் சொல்லும் கட்டளைக்கும் முடிவைப் படிப்பதற்கும் இடையே சென்சாருக்குச் சற்று நேரம் தர வேண்டும். லைப்ரரியில் அந்தக் காத்திருப்பு எங்குமே இல்லை. இடையில் அச்சான ஹெக்ஸ் வரிதான் இத்தனை நாளும் அந்த வேலையைப் பார்த்திருக்கிறது! குப்பையை முட்டுக்கொடுத்துக் கட்டிய வீடு.

காத்திருப்பை டைமருக்கு மாற்றினேன். வேலை செய்கிறது. ஆனால் "டெஸ்ட் ஓகே" என்று ஒரு வரி மட்டும் இன்னும் வருகிறது. முன்பே கம்பைல் செய்து தந்த கோப்பிலிருந்து வருவது, மூல நிரல் கிடையாது. சரி, கம்பைல் ஆன கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கரின் ராப் வசதியால் பிரின்ட்எஃபை ஒரு வெற்று ஃபங்ஷனுக்குத் திருப்பிவிட்டேன். மறுபடியும் "டெஸ்ட் ஓகே". பிரின்ட்எஃபுக்குக் கொடுத்த மாறிலிச் சரம் புதுவரியில் முடிந்தால் ஜிசிசி கம்பைலர் அந்த அழைப்பைச் சத்தமில்லாமல் புட்ஸ் என்ற வேறு அச்சு ஃபங்ஷனுக்கு மாற்றிவிடும் என்பது அதிகாலை மூன்று மணிக்கா நினைவுக்கு வரவேண்டும்?