வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள்: கதவைத் திறக்கும்போது கட்டையும் அவிழ்க்க வேண்டும்

வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்களை இந்தியாவுக்குள் அனுமதிக்கவே கூடாது என்று வாதிடும் வழக்கறிஞர் நண்பர்களிடம், பெரிய வணிக ஒப்பந்தம் ஏதேனும் ஒன்றின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்வது என் வழக்கம். விலையும் தவணையும் பேசி முடித்துக் களைத்துப்போன பிறகு வரும் அந்த இடத்தில் பெரும்பாலும் இப்படி இரண்டு வரிகள் இருக்கும்: 'இவ்வொப்பந்தம் இங்கிலாந்துச் சட்டத்துக்கு உட்பட்டது. தகராறு எழுந்தால் சிங்கப்பூரை இருக்கையாகக் கொண்ட நடுவர் தீர்ப்பாயம் விசாரிக்கும்.' அதாவது, நீதிமன்றத்துக்குப் பதிலாக இரு தரப்பும் ஏற்கும் நடுவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள்; அந்த விசாரணைக்குச் சட்டப்படியான இடம் சிங்கப்பூர். விற்பவரோ வாங்குபவரோ இந்தியாவில் இருக்கலாம், தொழிற்சாலையும் இங்கேயே இருக்கலாம். ஆனால் அந்த வரிகளுக்குக் கீழே கையெழுத்து விழுந்த அன்றே, அந்த ஒப்பந்தத்தைப் பற்றிய ஆலோசனைக் கட்டணத்தில் பெரும்பங்கு கடல் கடந்துவிடுகிறது.

இத்தனை ஆண்டுகளாக நாம் கதவை மூடித்தான் வைத்திருந்தோம். ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு மூன்று வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே தொடர்பு அலுவலகம் திறந்தது செல்லாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தில் வாதாடுவது மட்டுமல்ல, ஆவணம் வரைவதும் ஆலோசனை சொல்வதும்கூட 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்கீழ் வழக்கறிஞர் தொழிலே என்பது அதன் அடிப்படை. 2012-இல் சென்னை உயர் நீதிமன்றம், வெளிநாட்டுச் சட்டம் குறித்து ஆலோசனை சொல்ல அவர்கள் தற்காலிகமாக வந்து போகலாம் என்றது. ஏ.கே. பாலாஜி வழக்கு எனப்படும் அதே வழக்கின் மேல்முறையீட்டில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த வருகை எப்போதாவது நிகழ்வதாக மட்டுமே இருக்க வேண்டும் என்று எல்லை வகுத்தது. தீர்ப்புகள் சட்டப்படி சரியானவையே. ஆனால் அவற்றால் வேலை இங்கே தங்கவில்லை.

எனவே, 2023 மார்ச்சில், வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா வெளிநாட்டு நிறுவனங்களுக்கான பதிவு விதிகளை அறிவித்து, 2025 மே மாதத்தில் அவற்றைத் திருத்தியதை நான் வரவேற்கிறேன். பதிவு செய்யும் வெளிநாட்டு நிறுவனம் தன் நாட்டுச் சட்டம், பன்னாட்டுச் சட்டம், பன்னாட்டு வணிக நடுவர் விசாரணை ஆகியவற்றில் பணிபுரியலாம். நம் நீதிமன்றங்களில் ஆஜராக முடியாது, இங்குள்ள சொத்துகளுக்கு உரிமைப் பத்திரம் பார்க்கவும் முடியாது. வில்லங்கச் சான்றும் வாய்தாவுமாக ஓடும் ஒரு மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞரின் கட்சிக்காரரை லண்டன் நிறுவனம் பறித்துக்கொள்ளும் என்ற அச்சத்துக்கு இந்த விதிகளில் இடமே இல்லை.

என் கவலை வேறு. பார் கவுன்சிலின் 36-ஆவது விதிப்படி இந்திய வழக்கறிஞர் விளம்பரம் செய்யக் கூடாது. இணையதளத்தில்கூட பெயர், முகவரி, தகுதி, எந்தத் துறையில் தொழில் செய்கிறார் என்பன போன்ற சில விவரங்களை மட்டுமே வெளியிடலாம் என்பது 2008-இல் கொடுத்த தளர்வு. மறுபக்கம் வந்து நிற்பவரோ, தான் முடித்துக் கொடுத்த ஒப்பந்தங்களை எல்லாம் பட்டியலிட்டு உலகம் முழுவதும் பெயர் எடுத்தவர். போட்டி வரட்டும் என்று மனதார விரும்புகிறவன் நான். ஆனால் ஒருவன் கையைக் கட்டிவிட்டு இன்னொருவனைக் களத்தில் இறக்குவதைப் போட்டி என்று என்னால் ஏற்க முடியவில்லை. சட்டத் தொழில் வெறும் வணிகமாகிவிடக் கூடாது என்ற நல்ல நோக்கத்தோடு பிறந்த விதிதான் அது. அந்த நோக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டே, ஒருவர் தன் அனுபவத்தை உண்மையாக எடுத்துச் சொல்ல அனுமதிக்க முடியும்.

மற்ற நாடுகள் இதை அவசரமின்றிச் செய்தன. ஜப்பான் 1987 முதல் வெளிநாட்டு வழக்கறிஞர்களை அனுமதித்தபோதும், அவர்கள் ஜப்பானிய வழக்கறிஞர்களைத் தடையின்றி வேலைக்கு வைத்துக்கொள்ளவும் கூட்டுச் சேரவும் 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிங்கப்பூர் 2008-இல் ஆறு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, உள்ளூர்ச் சட்டத்திலும் வணிகப் பணிகளைச் செய்ய உரிமம் கொடுத்தது. குற்றவியலும் குடும்ப வழக்குகளும் அந்த உரிமத்துக்கு வெளியே நின்றன. சிங்கப்பூர் அலுவலகத்தின் வழியாக எவ்வளவு வேலை நடக்கும் என்று உறுதி கேட்டே தேர்வு நடந்தது. நாமும் அப்படிக் கேட்கலாம்: எத்தனை இந்திய இளைஞர்களுக்குப் பயிற்சி தருவீர்கள், எந்தப் பணிகளை இங்கிருந்தே செய்வீர்கள்?

ஜூனியர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன். இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயுமாவது கொடுக்க வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டிய நிலையில் இத்தொழில் இருக்கிறது. வழக்குக் கட்டுகளைச் சுமந்துகொண்டு சீனியரின் பின்னால் நடக்கும் அந்தப் பிள்ளைகளில், பன்னாட்டு ஒப்பந்தத்தின் ஒரு பிரிவைக் கூர்மையாகத் திருத்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். திருத்தக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

நம் வழக்கறிஞர்களை அனுமதிக்கும் நாட்டின் நிறுவனங்களுக்கே இங்கே பதிவு என்று விதிகளில் உள்ள பரஸ்பரம் என்ற நிபந்தனையையும் எழுத்தளவில் விட்டுவிடக் கூடாது. நம் வழக்கறிஞர் தங்கள் நாட்டில் பதிவு செய்யலாம் என்று கடிதம் தந்துவிட்டு விசா தர மறுக்கும் நாட்டை, கதவு திறந்த நாடாக எப்படிக் கணக்கில் எடுப்பது? ஒவ்வொரு நாட்டிலும் எத்தனை இந்திய வழக்கறிஞர்களுக்கு உண்மையில் இடம் கிடைத்தது என்பதைப் பார் கவுன்சில் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அந்த நாட்டு நிறுவனங்களின் பதிவைப் புதுப்பிக்கும்போது அந்தக் கணக்கும் மேசையில் இருக்க வேண்டும்.