சுவர் கொஞ்ச நாள் காலியாக இருக்கட்டும்

புது வீட்டுக்குக் குடிபோன தோழி நேற்று போனில் கேட்டாள். "சோபாவுக்கு மேலே சுவர் வெறிச்சென்று இருக்கிறது. அந்த அகலத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு படம் சொல்லேன்." சோபா சாம்பல் நிறம், குஷன் மஞ்சள், அதனால் படத்திலும் கொஞ்சம் மஞ்சள் இருந்தால் நல்லது என்றாள். பேசி முடித்த பிறகும் மனசு அதையே சுற்றிக்கொண்டிருந்தது. அவளிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அகலத்தையும் நிறத்தையும் கையில் வைத்துக்கொண்டு படம் தேடப் போனால் கிடைப்பது சோபாவுக்கு இன்னொரு குஷன்தான். நானும் அப்படி ஒன்று வாங்கியிருக்கிறேன். மூன்று துண்டாகப் பிரித்து அச்சிட்ட கடற்கரைக் காட்சி. திரைச்சீலையின் நீலத்தோடு அப்படியே பொருந்தியது. மாட்டிய அன்று வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டு மாதத்தில் அது என் கண்ணில் படுவதே நின்றுவிட்டது. வெள்ளையடிக்கக் கழற்றி வைத்தோம். வேலை முடிந்து மூன்று வாரம் கழித்துத்தான் அதைத் திரும்ப மாட்டவில்லை என்று ஞாபகம் வந்தது. அதற்குள் திரைச்சீலையும் மாறியிருந்தது.

அதே வீட்டில் என் மேசைக்குப் பக்கத்தில் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய நீர்வண்ணப் படம் ஒன்று உண்டு. கல்லூரியில் கூடப் படித்தவள் வரைந்து கொடுத்தது. மழை விட்ட பிறகு ஒரு மொட்டை மாடி, ஒரு மூலையில் தேங்கிய தண்ணீர், அதில் துண்டு வானம். பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். இன்னமும் சில நாள், அந்தத் தண்ணீரில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்த்தபடி நின்றுவிடுவேன். வீட்டில் மாட்டும் படத்துக்கு நான் வைத்திருக்கும் ஒரே சோதனை இதுதான்: அது என்னைத் திரும்பக் கூப்பிடுகிறதா?

இதைக் கடையில் நின்று பத்து நிமிஷத்தில் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் ஆணி அடிக்க அவசரப்பட வேண்டாம் என்கிறேன். படத்தைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வையுங்கள். இரண்டு வாரம் அது தரையிலேயே இருக்கட்டும். காலை வெயிலில் பாருங்கள், இரவு விளக்கில் பாருங்கள், வேலை முடிந்து அலுத்துப்போய் உட்காரும்போது பாருங்கள். பக்கத்து அறைக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டாவது வாரமும் கண் அங்கே போகிறதென்றால் அது உங்கள் படம். போகவில்லையென்றால் சுவரில் ஓட்டை இல்லாமல் தப்பித்தது லாபம்.

அசல் ஓவியம் வாங்க வசதியில்லை, அச்சுப்படம்தான் கட்டுப்படியாகும், அது மட்டமாகத் தெரியாதா என்று பலர் தயங்குகிறார்கள். ஒரு தயக்கமும் வேண்டாம். உலகம் முழுக்கத் தெரிந்த, ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலைப் படம் பிறவியிலேயே அச்சுப்படம். 1831 வாக்கில் மரக்கட்டையில் செதுக்கி, ஒரே அலையை ஆயிரக்கணக்கில் அச்சடித்தார்கள். ஆனால் அதன் அளவு என்ன தெரியுமா? உயரம் பத்து அங்குலம், அகலம் பதினைந்து அங்குலம். கையில் எடுத்து நுரையின் நகங்களைக் கிட்டத்தில் பார்க்கிற அளவு. அதை ஆறடிக்கு ஊதிப் பெருக்கி மாட்டும்போது கோடுகள் தடித்து, அந்தக் கூர்மை போய்விடுகிறது. மோனலிசாவும் 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம்தான். அச்சுப்படம் வாங்குவதாக இருந்தால் அசலின் அளவைத் தேடிப் பார்த்துவிட்டு, கூடியவரை அதற்குப் பக்கத்தில் வாங்குங்கள். சின்னதாக இருந்தால் அகலமான மவுண்ட், அதாவது படத்தைச் சுற்றி வரும் அட்டை ஓரம், வைத்துச் சட்டம் போடலாம்.

சரி, படம் கிடைத்துவிட்டது. எங்கே மாட்டுவது? நான் போகிற வீடுகளில் பத்துக்கு எட்டில் படங்கள் உயரத்தில் இருக்கின்றன. கதவு நிலையின் மேல்விளிம்போடு வரிசையாக, கழுத்தை நிமிர்த்திப் பார்க்கும்படி. உயரத்தில் வைப்பது மரியாதை என்ற நினைப்பாக இருக்கலாம். படத்துக்கு அது தண்டனை. பிரிட்டனில் கெய்ன்ஸ்பரோ என்ற ஓவியர் இதற்காகவே, ஓவியக் கண்காட்சிகள் நடத்தும் ராயல் அகாதெமி என்ற கலைஞர் அமைப்போடு முறித்துக்கொண்டார். மென்மையான சாயல்களில் தீட்டிய இளவரசிகளின் படத்தைக் கொஞ்சம் தாழ்வாக மாட்டும்படி 1784-இல் கேட்டார். அவர்கள் மறுத்தார்கள். தன் படங்களையெல்லாம் திருப்பி எடுத்துக்கொண்டவர், சாகும்வரை அங்கே மறுபடி காட்சிக்கு வைக்கவில்லை. உயரத்தால் ஒரு படத்தில் எதெல்லாம் காணாமல் போகும் என்பது வரைந்தவனுக்குத்தான் தெரியும்.

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து நாலே முக்கால் அடியில், அதாவது 57 அங்குலத்தில் வர வேண்டும். காட்சிக்கூடங்களில் பெரும்பாலும் 57-இலிருந்து 60 அங்குலத்துக்குள்தான் வைப்பார்கள், நிற்பவரின் கண்மட்டம் அதுதான். வீட்டில் நாம் உட்கார்ந்தே அதிகம் பார்ப்பதால் நான் 57-க்கு மேலே போவதில்லை. ஆணியின் இடத்தைக் கண்டுபிடிக்கக் கணக்கு எளிது. சட்டத்தின் உயரம் 24 அங்குலம் என்று வையுங்கள். பின்னாலுள்ள கம்பியை விரலால் மேலே இழுத்துப் பிடித்தால் அது மேல்விளிம்புக்கு 3 அங்குலம் கீழே நிற்கிறது. 57-ஓடு பாதி உயரமான 12-ஐக் கூட்டி 3-ஐக் கழியுங்கள். 66 அங்குலம், ஐந்தரை அடி. ஆணி அங்கே. சோபாவுக்கு மேலே என்றால் இந்தக் கணக்கைவிட இடைவெளி முக்கியம். சோபாவின் முதுகுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஆறிலிருந்து எட்டு அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் படம் தனியாக மிதக்கிறது. அகலம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் கண்ணுக்கு உறுத்தாது.

பல சின்னப் படங்களைச் சேர்த்து மாட்டுவதென்றால் செய்தித்தாளைச் சட்டங்களின் அளவுக்கு வெட்டி, முதலில் அந்தக் காகிதங்களைச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். நடுவே இரண்டு, மூன்று அங்குல இடைவெளி விட்டு, மொத்தக் கூட்டத்தையும் ஒரே படமாக நினைத்து 57 அங்குலக் கணக்கைப் போட வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் இழந்திருக்கிறேன். அந்த மொட்டை மாடிப் படம் முதலில் ஜன்னலுக்கு எதிரே இருந்தது. ஆறேழு வருஷம் கழித்துச் சட்டம் மாற்றக் கழற்றினேன். மவுண்டின் ஓரத்துக்கு அடியில் மறைந்திருந்த ஒரு மெல்லிய பட்டையில் வானம் ஊதாவாக இருந்தது. வெயில் பட்ட மிச்ச வானம் சாம்பலாகியிருந்தது. அவள் தீட்டியது அந்திவானம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அன்றைக்கு ரொம்ப அழுகை வந்தது.

வெளுத்த நிறம் திரும்பாது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்காக அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ தீட்டிய பெரிய ஓவியங்களை 1964-இல் பெரிய ஜன்னல்கள் உள்ள சாப்பாட்டு அறையில் மாட்டினார்கள். அவர் பயன்படுத்திய சிவப்பு நிறமி வெளிச்சம் தாங்காதது. 1979-க்குள் அவற்றைக் கழற்றிக் கிடங்கில் வைக்க வேண்டியதாயிற்று. 2014-இல் மறுபடி காட்சிக்கு வைத்தபோது, ஓவியத்தைத் தொடாமல் புரொஜெக்டரிலிருந்து கணக்கிட்ட நிற ஒளியைப் பாய்ச்சித்தான் பழைய நிறத்தைக் காட்ட முடிந்தது. விளக்கை அணைத்தால் பழையபடி வெளுத்த துணி. நம் வீட்டில் அப்படியொரு விளக்கு கிடையாது. எனவே நீர்வண்ணம், புகைப்படம், அச்சுப்படம் எதையும் நேர்வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். அருங்காட்சியகங்களில் நீர்வண்ணப் படங்களுக்குச் சுமார் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் அனுமதிக்கிறார்கள். அந்த அறைகள் மங்கலாக இருப்பது அதனால்தான். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டால் வெளுப்பது தாமதமாகும், நிற்காது. என் படம் இப்போது வெயில் எட்டாத இடத்தில், என் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஓதம் ஏறும் சுவரும் அதே அளவு ஆபத்து. சட்டத்தின் கீழ்மூலைகளில் பின்பக்கம் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் காற்று போய்வரும். காகிதப் படத்தைக் கண்ணாடி நேரடியாகத் தொடக்கூடாது, ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது படம் கிழியும். அமிலமற்ற மவுண்ட் போர்டு என்று கேட்டு வாங்குங்கள். மட்டமான அட்டை சில வருஷத்தில் படத்தின் மேல் பழுப்புக் கோடு போட்டுவிடும்.

அப்புறம் மாட்டும் வேலை. செங்கல் சுவரில் ஆணியை நேரே அடித்தால் காரை பெயரும். துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக் செருகி, திருகாணி முடுக்குங்கள். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடவே போடாதீர்கள், உள்ளே வயர் ஓடும். ஒரு கொக்கிக்குப் பதில் இரண்டு வைத்து, ரசமட்டம் பார்த்துவிட்டால் படம் சாயாது. வாடகை வீடு, துளை போட அனுமதியில்லை என்றால் கவலை வேண்டாம். அலமாரித் தட்டில் சாய்த்து வைத்த படமும் படம்தான், வேண்டும்போது மாற்றவும் முடியும்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டு வந்தபோது நடுவில் கேட்டேன், உன்னிடம் ஏற்கனவே ஏதாவது படம் இருக்கிறதா என்று. கொஞ்சம் யோசித்தாள். அவள் அப்பா பென்சிலில் வரைந்த ஒரு சைக்கிள் படம் பெட்டிக்குள் இருக்கிறதாம். "ஆனால் அந்தச் சுவருக்கு அது ரொம்பச் சின்னது" என்றாள். அந்தச் சுவரை விடு, நீ தினமும் உட்கார்ந்து படிக்கிற இடம் எது என்று கேட்டேன்.

இன்று காலை ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறாள். சோபாவுக்கு மேலே சுவர் இன்னும் காலி. அறையின் மறு ஓரத்தில், அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் சாய்ந்து நிற்கிறது அந்தச் சைக்கிள். பின்சக்கரத்தின் கம்பிகளை அப்பா ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறார் என்று இப்போதுதான் பார்த்தாளாம்.