பெயர்களை வெட்டி எடுத்த படம்

வெள்ளிக்கிழமை முதல் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் என்மீது நடக்கும் விசாரணையை நீங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்பதால், கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவ மாணவிகளுக்கு ஆண் இனப்பெருக்க மண்டலத்தை நடத்தும்போது நான் கரும்பலகையில் வரைந்த படம் புகைப்படமாகக் குழுவுக்கு வந்துவிட்டது; இதையெல்லாம் வகுப்பில் பேசலாமா என்பதுதான் குற்றச்சாட்டு. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? விந்து நாளம், விந்துப்பை, புரோஸ்டேட் சுரப்பி என்று கரும்பலகையின் வலப்பக்கத்தில் இளஞ்சிவப்புச் சாக்பீஸால் நான் எழுதியிருந்த பெயர்கள் அத்தனையும் அந்தப் புகைப்படத்தில் வெட்டப்பட்டிருந்தன. பெயர்கள் இருந்தால் பாடமாகத் தெரிந்துவிடும் என்பது வெட்டியவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

நான் நடத்தியது பாடம். தமிழ்நாடு அரசு பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் நூலில் அச்சிட்டுக் கொடுத்திருக்கும் பாடம். நீட் பயிற்சிக்குப் பணம் கட்டும்போது இதே பாடத்தில் ஒரு மதிப்பெண்கூடக் குறையக் கூடாது என்று கேட்கும் பெற்றோருக்கு, அதை ஒரு ஆசிரியை வாயால் சொன்னால் மட்டும் பண்பாடு நினைவுக்கு வந்துவிடுகிறது.

அன்று வகுப்பில் என்ன பேசினேன்? விந்து செல்கள் உருவாக உடல் வெப்பத்தைவிட 2 அல்லது 3 டிகிரி குறைவான வெப்பம் வேண்டும் என்பதால்தான் விதைப்பை உடலுக்கு வெளியே இருக்கிறது என்றேன். விறைப்பு என்பது பஞ்சு போன்ற திசுவுக்குள் இரத்தம் பாய்ந்து, வெளியேறும் சிரைகள் அழுத்தப்படுவதால் அங்கேயே தேங்குவது என்றேன். விந்துத் திரவத்தில் பெரும்பகுதி விந்துப்பையிலும் புரோஸ்டேட்டிலும் சுரப்பதே, விந்தகத்திலிருந்து வருவது மிகச் சிறிய பங்கு என்றும் சொன்னேன். அப்போதுதான் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு இரத்தம் என்கிறார்களே, மிஸ்?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. நள்ளிரவுத் தொலைக்காட்சியில் லேகியம் விற்கிறவர்கள் அவனுக்குள் போட்டுவைத்த பயம் அது. அதை எடுத்துப் போட எனக்கு இரண்டு நிமிடம்தான் ஆனது.

மாணவர்களையும் மாணவிகளையும் தனித்தனியே உட்கார வைத்திருக்கலாமே என்கிறீர்கள். வைத்திருக்கலாம். ஆனால் சினைமுட்டை ஏறத்தாழ ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும், விந்து செல்லோ பெண்ணின் உடலுக்குள் 5 நாள்வரை தாக்குப்பிடிக்கும், இரண்டும் சேர்வது கருப்பையில் அல்ல, அண்டநாளத்தில் என்பதில் எந்த வரியை எந்தப் பாலினத்திடமிருந்து மறைப்பது என்று நீங்களே குறித்துக் கொடுங்கள். "உங்கள் வீட்டுப் பெண் என்றால் இப்படிப் பேசுவீர்களா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். என் வீட்டுப் பெண்ணைப் பற்றியே சொல்கிறேன்.

என் அக்காவுக்குத் திருமணமாகி ஆறு ஆண்டுகள் குழந்தை இல்லை. ராமேஸ்வரம் போனாள், அரசமரத்தில் தொட்டில் கட்டினாள், வயிற்றில் துளையிட்டுக் கருவி விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு இரண்டு முறை படுத்தாள். அந்த ஆறு ஆண்டுகளில் அத்தான் ஒருமுறைகூடப் பரிசோதனைக்குப் போகவில்லை. "எனக்கு எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்பார். கடைசியில் போனபோது, திரவத்தின் அளவு சரியாக இருந்தது, விந்து செல் ஒன்றுகூட இல்லை. விந்து வேறு, விந்து செல் வேறு என்று பதினேழு வயதில் யாராவது அவருக்குப் பலகையில் வரைந்து காட்டியிருந்தால் அக்காவுக்கு ஆறு ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும். அந்த அறிக்கை பீரோவில் புடவைகளுக்கு அடியில் போனது. மாமியார் சாகும்வரை அக்காவைத்தான் மலடி என்றார். அந்தச் சொல்லுக்கு ஆண்பால் அகராதியில் இருக்கிறது. எங்கள் தெருவில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொல்கிறார்கள். தர மாட்டேன். திங்கட்கிழமை பெண் இனப்பெருக்க மண்டலம். அண்டகம், அண்டநாளம், கருப்பை என்று பெயர்களை இந்த முறை உறுப்புகளுக்கு உள்ளேயே எழுதப் போகிறேன்; வெட்டுகிறவர் படத்தையும் சேர்த்துத்தான் வெட்ட வேண்டியிருக்கும்.