கார்க்கேஜ் கட்டித்தான் குடித்தேன்

கப்பலுக்கு நான் ஒயின் பாட்டில் கொண்டுபோனதைக் கேலி செய்து நம் குழுவில் ஒருவர் போட்ட அந்த வீடியோவை மறுபடி இங்கே போடப் போவதில்லை. பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்தாயிற்று. பார்க்க வேண்டாத என் சின்ன மாமியாரும் கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு பார்த்துவிட்டார். சான் பிரான்சிஸ்கோவில் அலாஸ்கா கப்பல் ஏறும் பியர் 27 துறை, எக்ஸ்ரே பெல்ட், என் கைப்பை, அதற்குள்ளிருந்து அதிகாரி தூக்கிப் பார்க்கும் ஒயின் பாட்டில், பக்கத்தில் அசடு வழிய நிற்கும் நான். தலைப்பு, 'கப்பலிலும் கட்டுச்சோறு'. கூடவே விழுந்து விழுந்து சிரிக்கும் மஞ்சள் முகங்கள்.

எடுத்தவர் யாரென்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். நான் பெயர் சொல்ல மாட்டேன். நல்ல மனிதர்தான். அவர் வீட்டுக் கொலுவுக்கு வருஷா வருஷம் போகிறவள் நான். (இந்த வருஷம் பார்க்கலாம்.)

வீடியோ வெட்டப்பட்ட இடத்துக்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அதிகாரி, "எத்தனை பேர் போகிறீர்கள்?" என்று கேட்டார். "இரண்டு பேர்" என்றேன். "அப்படியானால் இன்னொன்றும் கொண்டுவந்திருக்கலாமே" என்று சிரித்துவிட்டுப் பாட்டிலைத் திரும்பப் பையிலேயே வைத்தார். முடிந்தது கதை. அந்தப் பகுதி மட்டும் எப்படியோ வீடியோவில் இல்லை.

நாங்கள் போன கப்பலின் விதி இது: 21 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் ஏறுகிற அன்று 750 மில்லி ஒயின் ஒரு பாட்டில் கொண்டுவரலாம். கைப்பையில் இருக்க வேண்டும். ரூமில் திறந்து குடித்தால் கட்டணமில்லை. டைனிங் ரூமுக்கு எடுத்துப்போனால் 15 டாலர் கார்க்கேஜ், அதாவது சொந்த பாட்டிலைத் திறந்து ஊற்றித் தருவதற்கான கட்டணம். அமெரிக்காவிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்கள் பலவற்றில் கொஞ்சம் முன்னே பின்னே இதே கதைதான். சில கம்பெனிகள் எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் ஏற்றிக்கொள், ஒவ்வொன்றுக்கும் காசு வை என்கின்றன. வைக்கிங் மாதிரி ஒன்றிரண்டு கார்க்கேஜே கேட்பதில்லை. இதெல்லாம் அவர்களே எழுதி, அவர்களே தங்கள் தளத்தில் போட்டிருக்கிற விதி. விதி அனுமதிக்கிறது, கேட்ட காசையும் கட்டினேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

கார்க்கேஜ் என்றால் ஏதோ அபராதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அபராதம் இல்லை ஐயா. நீ என்னிடம் பாட்டில் வாங்காததால் எனக்குப் போகிற லாபத்தில் கொஞ்சம், தக்கை திறந்து கோப்பை வைத்து ஊற்றிக் கழுவுகிற கூலி கொஞ்சம், இரண்டையும் சேர்த்துக் கொடு என்று கேட்கிறார்கள். கொடுத்தால் கணக்கு நேர். நாப்பா பக்கம் பிரெஞ்ச் லாண்டரி என்ற உணவகத்தின் பெயரைச் சொன்னாலே நம் குழுவில் சிலருக்குக் கண் விரியும். உணவகங்களுக்குத் தரும் மிஷலின் நட்சத்திரத்தில் உச்சமான மூன்றையும் வாங்கிய இடம். அங்கேயும் சொந்த ஒயினோடு போகலாம், பாட்டிலுக்கு நூறு டாலருக்கு மேல் கார்க்கேஜ் வைப்பார்கள். அங்கே போய் வைத்தால் ரசனை, அலாஸ்கா கப்பலில் நான் 15 டாலர் வைத்தால் கட்டுச்சோறு. நல்ல நியாயம்.

அன்று இரவு டைனிங் ரூமில் எனக்கு நடந்த 'அவமானத்தையும்' கேளுங்கள். வெயிட்டர் ஓர் இந்தோனேசியப் பையன். பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கி, லேபிளை ஒருமுறை படித்து, வெள்ளைத் துணியால் கழுத்தைத் துடைத்துவிட்டுத் தக்கையைத் திருகினான். வழக்கப்படி ருசி பார்க்கச் சொல்லி ஒரு வாய் ஒயினை என் கணவரின் கோப்பையில் ஊற்றினான். அவர் மோரைத் தவிர வேறெதையும் ரசித்துக் குடிக்காதவர். கோப்பையை அப்படியே என் பக்கம் நகர்த்தினார். பையன் ஒரு விநாடி தடுமாறி, "மன்னியுங்கள் மேடம்" என்று என் பக்கம் வந்து நின்றான். பாதிதான் குடித்தோம், அதாவது குடித்தேன். மீதியைத் தக்கையால் மூடி, ரூம் நம்பர் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டி எடுத்துப்போனான். மறுநாள் நாங்கள் போய் உட்காரும்போது பாட்டில் மேசையில் தயாராக இருந்தது. 15 டாலருக்கு இத்தனை மரியாதை எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. என் சொந்தக் குழுவில் நிச்சயமாகக் கிடைத்ததில்லை.

"அவ்வளவு காசு கட்டிப் போனவளுக்கு அங்கேயே வாங்கிக் குடிக்க முடியாதா?" இதைத்தான் எல்லாரும் கேட்கிறீர்கள். முடியும். ஆனால் ஏன் வாங்க வேண்டும்? கடையில் 15 டாலருக்குக் கிடைக்கிற பாட்டில் கப்பல் மெனுவில் 45, 50 என்று நிற்கும். அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ். சரி, நாளுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டிக் குடிக்கும் பானப் பேக்கேஜ் எடுக்கலாம் என்றால், பல கப்பல்களில் ஒருவர் எடுத்தால் அதே ரூமில் இருக்கும் இன்னொரு பெரியவரும் எடுத்தாக வேண்டும். மோர் குடிக்கிற மனிதருக்கு மதுப் பேக்கேஜ்! கணக்குப் பார்ப்பது கஞ்சத்தனம் என்றால் நான் கஞ்சப்பிசினாறிதான், எழுதிக்கொள்ளுங்கள். மெட்ராஸிலிருந்து டெல்லிக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸில் போகும்போது அம்மா மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை வாழையிலையில் பொட்டலம் கட்டி எடுத்துவருவார். அந்தக் கட்டுச்சோற்றைக் கேட்டு வாங்கித் தின்ற எதிர் சீட்டுக்காரர்கள் யாரும் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆனால் விஷயம் காசே இல்லை. அந்தப் பாட்டிலைப் பற்றி யாரும் கேட்கவே இல்லையே, அதுதான் எனக்கு வலிக்கிறது. அது சான் பிரான்சிஸ்கோ பக்கத்து லிவர்மோர் ஊர் ஒயின். லிவர்மோர் என்றால் நம் ஆட்களுக்கு சிவா விஷ்ணு கோவில் மட்டும்தான் தெரியும். அர்ச்சனை முடித்து, பிரசாதம் சாப்பிட்டு, நேரே ஹைவே. அந்த ஊரில் ஒயின் தயாரிப்பு கோவிலைவிட நூறு வருஷம் பழையது. வென்டி, கன்கனன் என்ற ஒயின் கம்பெனிகள் இரண்டும் 1883இல் ஆரம்பித்தவை. பெட்டீட் சிரா என்ற திராட்சையின் பெயரை லேபிளிலேயே போட்டு முதலில் விற்றது கன்கனன்தான், 1961ஆம் வருஷத்து ஒயின் அது. இதெல்லாம் என் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல் சம்பளம் வந்த வாரம் என்னைக் கோவிலுக்குக் கூட்டிப்போனாள், திரும்பும் வழியில் காரை ஒரு திராட்சைத் தோட்டத்துக்குள் விட்டாள். "உனக்குப் பட்டுப்புடவை எடுத்தால் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவாய். இதைக் குடித்துத்தானே ஆகணும்" என்று சொல்லி வாங்கிக் கொடுத்த பாட்டில் அது. கப்பலில் திறக்கணும் என்பதும் அவள் யோசனை. இதற்குப் பதிலாகக் கப்பல் மெனுவில் எதை வாங்கச் சொல்கிறீர்கள்?

மது விற்பனை இல்லாவிட்டால் கப்பல் டிக்கெட் விலை ஏறிவிடும் என்று ஒருவர் பொருளாதாரப் பாடம் எடுத்திருக்கிறார். டிக்கெட்டுக்கு வெளியே கப்பலில் செலவழிப்பதிலிருந்து பெரிய வருமானம் வருவது உண்மைதான். என் ஒரு பாட்டிலால் அந்தக் கம்பெனி மூழ்காது. வெயிட்டருக்கு டிப்ஸ் போச்சே என்று இன்னொருவர். அந்தப் பையன் கையில் நான் என்ன கொடுத்தேன் என்பது எனக்கும் அவனுக்கும் தெரியும்.

உண்மையில் யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் தெரியுமா? மவுத்வாஷ் பாட்டிலில் வோட்காவை ஊற்றிப் பச்சைச் சாயம் கலந்து கொண்டுவருகிறார்களே, அவர்களைப் பார்த்து. அதற்கென்றே மடக்கி வைக்கும் பிளாஸ்டிக் பைகள் விற்கிறார்கள். தண்ணீர் பாட்டிலிலும் கடத்தினார்கள், அதனால் 2015இல் கார்னிவல் என்ற கப்பல் கம்பெனி, பயணிகள் பாட்டில் தண்ணீர் கொண்டுவருவதையே நிறுத்தியது. இப்படிக் கடத்தியதை நம் பார்ட்டிகளில் வீரக்கதையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், எல்லாரும் கைதட்டினார்கள். ஏமாற்றினால் கெட்டிக்காரன். எக்ஸ்ரேயில் தெரியும்படி எடுத்துவந்து, ரசீதில் கையெழுத்துப் போட்டுக் காசு கட்டினால் கட்டுச்சோறு.

அப்புறம் இன்னொன்று. இதைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். சென்னைக்குப் போகும்போதெல்லாம் டியூட்டி ஃப்ரீ பையில் விஸ்கி பாட்டில் குலுங்கக் குலுங்க இறங்குகிறீர்களே, வீடியோ எடுத்தவர் உட்பட? இந்தியச் சுங்கம் ஆளுக்கு இரண்டு லிட்டர் அனுமதிக்கிறது, நீங்கள் இரண்டு லிட்டரையும் விடாமல் கொண்டுபோகிறீர்கள். அதுவும் வெளியே வாங்கி எடுத்துப்போவதுதானே? அதை யாராவது படம் பிடித்துக் குழுவில் போட்டோமா? அந்தப் பாட்டிலை மச்சான்கள் வரிசையில் நின்று வரவேற்கிறார்கள். என் பாட்டிலைப் பார்த்து மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது? பை என்னுடையது, அதனால்தான். என் கணவர் கையில் அது இருந்திருந்தால் "சார் ரசனைக்காரர்" என்று இரண்டு பேர் எழுதியிருப்பீர்கள். சின்ன மாமியார் போனில் கார்க்கேஜ் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீ குடிப்பியாடி?" என்று மட்டும்தான் கேட்டார். ஆமாம் சித்தி, எப்போதாவது, ஒரு கோப்பை. அதைச் சொல்ல எனக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கிறது. சொல்லிவிட்டேன், இனி அதைப் பற்றி யாரும் மெதுவாக விசாரிக்க வேண்டியதில்லை.

"சும்மா ஜோக்குக்குப் போட்டது, இவ்வளவு சீரியஸா எடுத்துக்கணுமா" என்று வரப்போகிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். ஜோக் எனக்கும் புரியும்.

கடைசியாக ஒன்று. நேற்று ராத்திரியிலிருந்து என் இன்பாக்ஸில் வரிசையாகக் கேள்விகள். "அக்கா, நிஜமாவே பாட்டில் கொண்டுபோக விடுறாங்களா?" "எந்தக் கப்பல்க்கா?" "இரண்டு பாட்டில் அளவுள்ள மேக்னம் சைஸுக்கும் அதே 15 டாலர்தானா?" கேட்டவர்களில் மூன்று பேர் அந்த வீடியோவுக்குக் கீழே ஹாஹா போட்டவர்கள். முதலில் அந்த ஹாஹாவை எடுத்துவிட்டு வாருங்கள். அப்புறம் விவரம் சொல்கிறேன்.