உப்பும் முகமும் ஒரே பிரேமில் வந்தால் அது பொய்யா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், டிஎஸ்எல்ஆரில் (லென்ஸ் மாற்றக்கூடிய புகைப்படக் கேமராவில்) எடுத்ததாக ஒரு தம்பி காட்டிய உப்பளத்துப் படத்தை, அது பொய் என்று மேடையிலேயே சொல்லிச் சிரித்தார்கள். அங்கே நடந்ததையெல்லாம் மறுபடி விவரிக்கப் போவதில்லை. வந்தவர்கள் நேரில் பார்த்தீர்கள். வராதவர்களுக்கு அந்த ஒன்றரை நிமிட வீடியோத் துண்டு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். நான்கு நாட்கள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று இரவு எங்கள் வீடியோத் தொழில் குழுவிலேயே யாரோ அந்தத் துண்டைப் போட்டு, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் விழுந்ததைப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை.

மேடையில் இருந்த மூத்த ஒளிப்பதிவாளர் சொன்னது இதுதான்: "பன்னிரண்டு மணி வெயிலில் உப்பளத்து வெள்ளையையும் தலைத் துண்டின் நிழலில் இருக்கும் முகத்தையும் சேர்த்துப் பிடிக்கிற டைனமிக் ரேஞ்ச் எந்த டிஎஸ்எல்ஆரிலும் கிடையாது. பெரிய கேமராவை வாடகைக்கு எடுத்துவிட்டு ஏழை வேடம் போடக் கூடாது." டைனமிக் ரேஞ்ச் என்றால், மிக வெளிச்சமானதையும் மிக இருட்டானதையும் ஒரே படத்தில் பிடிக்கும் திறன். படம் எடுத்த தம்பி ஏதோ சொல்ல வந்தான். ஒலிவாங்கி அடுத்தவர் கைக்குப் போய்விட்டது.

அது டிஎஸ்எல்ஆர்தான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த கேமராவை அவனுக்கு விற்றதே நான்தான். கேனான் 5டி மார்க் 3. 2012இல் வந்த மாடல். ஆறு ஆண்டுகள் என் தோளில் தொங்கியது. பிடிமான ரப்பர் உரிந்து, நான் பசை போட்டு ஒட்டிய இடம்கூட அப்படியே இருக்கிறது. தம்பி அதற்குப் பத்துத் தவணையில் பணம் கொடுத்தான். ஒரு தவணையும் தவறவில்லை. அவனைப் பார்த்துத்தான் "ஏழை வேடம்" என்றார்கள்.

சரி, கேமராவுக்கு வருகிறேன். ஐயா சொன்னதில் உள்ள பிழை சின்னப் பிழை அன்று. ஒளியை வாங்கும் சில்லான சென்சார் வேறு, கேமரா எழுதும் கோப்பு வேறு. டிஎஸ்எல்ஆரின் சென்சார் பார்ப்பதெல்லாம் வீடியோக் கோப்புக்கு வந்து சேர்வதில்லை. வழியிலேயே பெரும்பகுதியைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் "டிஎஸ்எல்ஆரில் டைனமிக் ரேஞ்ச் இல்லை" என்று சொல்வது, கிணற்றில் தண்ணீர் இருக்க, ஓட்டை வாளியால் இறைத்துப் பார்த்துவிட்டுக் கிணறு வறண்டுவிட்டது என்று சொல்வது போன்றது.

சென்சாரிலிருந்து வரும் தகவல் 14 பிட். அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சத்தில் 16,384 படிகள். கேமரா தன் வழக்கமான வீடியோவில் எழுதுவது 8 பிட். 256 படிகள். அதற்கு முன்பே வெள்ளைச் சமநிலை, கான்ட்ராஸ்ட், நிறம், கூர்மை எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்து, படத்தோடு சேர்த்துச் சுட்டுவிடுகிறது. பிறகு கோப்பைச் சிறிதாக்கும் எச்.264 என்ற சுருக்கம் வருகிறது. கண்ணுக்கு எளிதில் படாது என்று அது நினைக்கும் இடத்தில்தான் முதலில் கை வைக்கும். அந்த இடம் எது? நிழல். துண்டுக்குக் கீழே இருக்கும் முகம்.

அன்று படப்பிடிப்புக்கு நானும் போயிருந்தேன். கேமராவின் ஸ்பாட் மீட்டரால் அளந்தேன். பாத்தி ஓரத்து உப்பு அம்பாரத்துக்கும் படத்தில் வரும் உப்பளத்து அக்காவின் கன்னத்துக்கும் இடையே ஏழு ஸ்டாப். ஒரு ஸ்டாப் இறங்கினால் ஒளி பாதியாகும், படிகளும் பாதியாகும். மிக வெளிச்சமான ஸ்டாப்புக்கு மட்டும் 8,192 படிகள். அடுத்ததற்கு 4,096. இப்படியே ஏழு ஸ்டாப் இறங்கி அந்த முகத்துக்கு வரும்போது கணக்குப்படி 64 படிகள் மிஞ்சுகின்றன. அறுபத்து நான்கு குறைவுதான். ஆனால் ஒரு கன்னத்தின் வளைவை, கண்ணோரத்துச் சுருக்கத்தை, நெற்றி வியர்வையை வரைய அது போதும். அதே முகத்துக்கு 8 பிட் கோப்பில் விரல் விட்டு எண்ணக்கூடிய படிகளே கிடைக்கின்றன. அவற்றையும் சுருக்கம் கட்டம் கட்டமாக மெழுகிவிடுகிறது. எடிட்டிங்கில் வெளிச்சத்தைத் தூக்கிப் பார்த்தால் முகம் இருக்காது, சதுரங்கள்தான் இருக்கும்.

2013 மே மாதத்தில் மேஜிக் லேண்டர்ன் என்ற மென்பொருள் ஆர்வலர் குழுவினர் செய்தது இந்த ஓட்டை வாளியைக் கழற்றி வைத்ததுதான். சம்பளம் வாங்காமல், ஓய்வு நேரத்தில், கேமராவுக்குள் ஓடும் மென்பொருளைத் தாங்களாகவே படித்துப் படித்து, அந்த 14 பிட் தகவலை அப்படியே கார்டில் எழுத வழி கண்டார்கள். கேமரா கை வைக்காத அந்தத் தகவலுக்குப் பெயர்தான் ரா. 50டி என்றொரு கேமரா உண்டு. 2008இல் வந்தது. அதை விற்றபோது அதில் வீடியோ வசதியே கிடையாது. அந்த கேமராவே இவர்கள் கையில் ரா வீடியோ எழுதியது! சென்சாரால் முடியாது என்று இத்தனை நாள் நாம் நம்பிக்கொண்டிருந்தது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? செய்தி வந்த அன்று நான் கடையைச் சாத்திவிட்டு இரவு இரண்டு மணி வரை அந்த மாதிரிப் படங்களையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரா எடுத்தால் டைனமிக் ரேஞ்ச் கூடிவிடுமா?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கூடாது. சென்சார் பார்க்காததை ராவும் தராது. வெளுத்துப்போன வானம் ராவிலும் வெளுத்ததுதான். கேனானின் அந்தக் காலத்துச் சென்சார்கள் நிழலில் இரைச்சல் மிகுந்தவை என்பதையும் மறைக்க மாட்டேன். சென்சார்களைச் சோதித்து மதிப்பெண் போடும் டிஎக்ஸ்ஓமார்க்கின் அளவீட்டில் 5டி மார்க் 3க்கு 11.7 ஸ்டாப்தான். அதே 2012இல் வந்த நிக்கான் டி800க்கு 14.4. நிக்கானில் நிழலைத் தூக்கினால் சுத்தமாக எழும். கேனானில் கோடு கோடாக வரும். ஆனால் அந்த நிக்கானில் ரா வீடியோவுக்கு வழி இல்லை. நல்ல சென்சார் ஒருவரிடம், திறந்த கதவு இன்னொருவரிடம் என்றால் நம்மைப் போன்றவர்கள் என்ன செய்வது? திறந்த கதவு வழியாகத்தானே போக முடியும்?

ஆனால் கேள்வி கேட்டவரே, கணக்கை முடியுங்கள். பதினொன்றரை ஸ்டாப் இருக்கிற சென்சாருக்கு ஏழு ஸ்டாப் காட்சி பெரிதா? உப்பு வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்து, வெளிச்சம் எங்கே நிறைகிறது என்று காட்டும் ரா ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்து வலது விளிம்பில் நிறுத்தினால், முகம் திரையில் கறுப்பாகத் தெரியும். பயப்படாமல் எடுக்க வேண்டும். பிறகு கலர் கரெக்‌ஷனில் தூக்க வேண்டும். தம்பி செய்தது அவ்வளவுதான். இதில் வாடகைக் கேமரா எங்கே வந்தது?   

இது எனக்கு வெறும் தொழில்நுட்ப விவாதம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ரா எல்லாம் வருவதற்கு முந்தைய ஆண்டு. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணம். அப்போது என்னிடம் இருந்தது 5டி மார்க் 2. மணப்பெண் நல்ல கறுப்பு. கூரைச் சேலையில் அகலமான சரிகை. மண்டபத்து வாசலில் வெயில் கொட்டுகிற இடத்தில் மாலையோடு நிறுத்தி எடுத்தேன். அந்த கேமரா வீடியோவில் சென்சாரின் வரிகளைத் தாண்டித் தாண்டிப் படிக்கும். அதனால் சரிகையெல்லாம் வானவில் போல நெளிந்தது. அதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. முகம் இருட்டாக இருந்தது. எடிட்டிங்கில் நான் தூக்கினேன். இன்னும் தூக்கினேன். டிவிடி கொடுத்த மூன்றாம் நாள் பெண்ணின் அப்பா கடைக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. டிவிடியை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "என் பிள்ளை முகத்தில் ஏன் தம்பி திட்டுத்திட்டாக இருக்கிறது? அவளுக்கு அப்படி எதுவும் கிடையாதே."

என்ன பதில் சொல்ல முடியும்? 256 படிகளில் உங்கள் மகளுக்கு ஒதுக்கியது சில படிகள்தான் என்றா? எச்.264 அவளைக் கட்டம் கட்டமாக வெட்டிவிட்டது என்றா? மாப்பிள்ளையின் பட்டு வேட்டி மட்டும் அப்பழுக்கில்லாமல் வந்திருந்தது. அந்தக் காசை நான் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். சென்சார் அந்தப் பெண்ணைப் பார்த்தது. கோப்பு அவளை எறிந்துவிட்டது. எத்தனை முறை வேண்டுமானாலும் இதைத் திருப்பிச் சொல்வேன்.

இன்னும் சில பேச்சுகள் வந்தன. "இப்போது போனிலேயே லாக் (நிழலையும் வெளிச்சத்தையும் கூடுதலாகக் காக்கும் வீடியோ முறை) வந்துவிட்டது, பழைய கேமராவைக் கட்டிக்கொண்டு அழுவது ஏன்?" வந்துவிட்டது, மகிழ்ச்சி. அந்தப் போனின் விலையில் தம்பியின் கேமராவையும் லென்ஸையும் சேர்த்து வாங்கலாம், மீதியும் வரும். "வெளி மென்பொருள் போட்டால் கேமரா கெட்டுவிடும்." என் கேமராவில் பல ஆண்டுகள் இருந்தது, கெடவில்லை. "முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பத் தெர்மாகோல் பிடித்திருந்தால் போதுமே." உப்பளத்தில் நின்றிருக்கிறீர்களா? காலடியில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளைத் தரை. அதைவிடப் பெரிய தெர்மாகோல் எந்த ஸ்டுடியோவில் இருக்கிறது? ஏழு ஸ்டாப் என்றேனே, அது பத்து ஆகாமல் இருந்ததற்கே காரணம் உப்பு கீழேயிருந்து முகத்தில் அடித்த வெளிச்சம்தான். அந்த வெளிச்சத்தில்தான் அந்த அக்கா இருபது வருடமாகக் கண் கூசக் கூச வேலை பார்க்கிறார்.

ராவின் கஷ்டத்தை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். விநாடிக்கு 24 பிரேம், முழு எச்டி, 14 பிட் என்றால் விநாடிக்கு 87 மெகாபைட். அதே கேமராவின் சிறந்த வழக்கமான வீடியோவைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு. 64 ஜிபி கார்டு பன்னிரண்டு நிமிடத்தில் நிறைந்துவிடும். தம்பியிடம் இருந்தது இரண்டே கார்டு. நிறைந்ததும் வரப்பில் உட்கார்ந்து, குடைக்குள் மடிக்கணினியை வைத்து, ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, சரிபார்த்து, கார்டை அழித்து, மறுபடி ஓடுவான். அதற்குள் வெயில் நகர்ந்திருக்கும். அப்படி மூன்று நாள் எடுத்தது ஒன்பது நிமிடப் படமாக வந்தது.

கேனானே 2020இல் 1டி எக்ஸ் மார்க் 3இல் ராவை உள்ளேயே பதிவு செய்யும் வசதியைக் கொடுத்தது. அதுவும் டிஎஸ்எல்ஆர்தான், ஐயா. விலை லட்சங்களில். அதைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது வந்திருந்தால் இந்தக் கேள்வி எழுந்திருக்குமா? 2012இல் வந்த ஒரு தமிழ்ப் படம் 7டி என்கிற ஸ்டில் கேமராவில் எடுக்கப்பட்டுத் தேசிய விருது வாங்கியபோது நாம் எல்லோரும் மார்தட்டிக்கொண்டோம். பெரிய இயக்குநர் எடுத்தால் சாதனை. அளத்துக்காரி மகன் எடுத்தால் மோசடியா?

மேடையிலேயே இன்னொருவர் சமாதானமாக ஒன்று சொன்னார். "முகம் இருட்டாக இருந்தால் என்ன, வெயிலில் அதுதானே இயல்பு" என்று. அது எனக்கு முதல் பேச்சைவிட அதிகம் வலித்தது. யாருக்கு இயல்பு? நேரில் நின்று பார்த்தால் அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிகிறது. பல் தெரிகிறது, மூக்குத்தி தெரிகிறது, சிரிப்பு தெரிகிறது. கண் பார்க்கிறது, சென்சாரும் பார்க்கிறது. பிறகு இருட்டு எங்கிருந்து வந்தது? கல்யாண மண்டபங்களில் முப்பது வருடம் ஆலஜன் விளக்கை முகத்துக்கு நேரே பிடித்து, பெண்களின் கண்ணில் நீர் வரவைத்து, பவுடரை அப்பி அப்பி எடுத்தோமே, அதையும் இயல்பு என்றுதான் சொன்னோம். நானும் சொல்லியிருக்கிறேன். கருவியின் குறையை முகத்தின் குறையாக்கி, அந்த முகங்களையே நம்பவும் வைத்துவிட்டோம்.

மேடையில் இருந்தவர்களுக்குத் தெரியாத ஒன்று. அந்த அக்கா கூட்டத்துக்கு வந்திருந்தார். மூன்றாவது வரிசை. படத்தில் இருப்பது அவர்தான், தம்பியின் அம்மா. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பச்சைச் சேலை கட்டி வந்திருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மகனிடம் மெதுவாகக் கேட்டார்: "என்னைப் பார்த்தா சிரித்தார்கள்?" இல்லை அம்மா, கேமராவைப் பற்றி ஏதோ பேசினார்கள் என்றான். அவர் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பின் இருக்கையில் இருந்தேன். எனக்குக் கேட்டது.

ஐயா, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. பிலிம் காலத்தில் ஒளியைக் கணக்கிட்டவர் நீங்கள். உங்களிடம் நான் கேட்பது மன்னிப்பு அன்று. கடைசி நாள் எடுத்த கார்டு ஒன்றை நாங்கள் அழிக்கவில்லை. சனிக்கிழமை தம்பிக்கு ஒரு காதுகுத்து வேலை இருக்கிறது, அதற்கு அந்த கார்டு தேவை. ஆனாலும் அழிக்க வேண்டாம் என்று சொல்லி, என் பழைய கார்டை அவனுக்குக் கொடுத்திருக்கிறேன். கேமராவும் கார்டும் என் கடையில் இருக்கின்றன. ஒவ்வொரு கிளிப்பிலும் கேமராவின் பெயர், ஐஎஸ்ஓ, ஷட்டர், தேதி, நேரம் எல்லாம் உள்ளேயே பதிவாகியிருக்கிறது. எந்த நாள் வந்தாலும் உங்கள் முன்னாலேயே கார்டை எடுத்துக் கணினியில் போடுகிறேன். முகம் முதலில் கறுப்பாகத்தான் தெரியும். நிழலைத் தூக்கும் குமிழை நீங்களே உங்கள் கையால் திருப்புங்கள்.