கடல் இலவசம், வட்டிதான் அடிக்கிறது

"பக்கத்துலயே கடல் இருக்கே, சுத்தம் பண்ணிக் குடிக்க வேண்டியதுதானே?" ஒவ்வொரு கோடையிலும் யாராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது டெஷி என்ற ஊரின் கதை.

கானா தலைநகர் அக்ராவை ஒட்டிய கடலோரப் பகுதி அது. தண்ணீர்ப் பஞ்சம் அங்கே பழகிப்போன விஷயம், லாரித் தண்ணீர்தான் கதி. 2015-இல் அங்கே ஒரு கடல்நீர் ஆலை ஓடத் தொடங்கியது. நாளுக்கு 6 கோடி லிட்டர். பின்னணியில் இருந்தது ஸ்பெயினின் பெஃபேசா. நம்ம சென்னைக்குப் பக்கத்து மீஞ்சூர் கடல்நீர் ஆலையில் பங்காளியாக இருந்த அதே கம்பெனி. 2018 ஜனவரியில் ஆலையை நிறுத்திவிட்டார்கள். கடலும் வற்றவில்லை, தேவையும் குறையவில்லை. அரசின் குடிநீர் நிறுவனத்துக்குத் தண்ணீரின் விலை கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான். மக்கள் மறுபடியும் லாரிக்குக் காத்திருந்தார்கள்.

உடனே எல்லோரும் கரன்ட்டைத்தான் குறை சொல்வார்கள். உப்பை வடிகட்டும் சவ்வு வழியாகக் கடல்நீரைத் தள்ள 60 பார், அதாவது காற்றழுத்தத்தைப் போல் சுமார் 60 மடங்கு அழுத்தம் வேண்டும், உண்மைதான். ஆனால் வெளியேறும் உப்புநீரில் மிஞ்சியிருக்கும் அழுத்தத்தைப் பிடித்து, உள்ளே வரும் நீருக்கே திருப்பிக் கொடுக்கும் கருவிகள் வந்தாயிற்று. இப்போது ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் போதும். ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு 500 லிட்டர் என்றால் 2 யூனிட். வீட்டு ஏசி ஒன்றரை மணி நேரம் ஓடினால் தீர்ந்துவிடும்.

என் கணக்கில் பெரிய வில்லன் வட்டி. 100 கோடி ரூபாய் கடனை 25 வருடத்தில் அடைக்க வேண்டும் என்று வையுங்கள். 4 சதவீதத்தில் வருடத் தவணை 6.4 கோடி. அதுவே 12 சதவீதம் என்றால் 12.75 கோடி. அதே பம்பு, அதே சவ்வு, அதே கடல், தவணை மட்டும் இரட்டிப்பு. துபாயின் ஹஸ்யான் கடல்நீர் ஆலைக்கு 2023-இல் ஆயிரம் லிட்டர் சுமார் 37 சென்ட்டுக்கு ஒப்பந்தம் கிடைத்ததென்றால், பிரம்மாண்டமான அளவும் சூரிய மின்சாரமும் மட்டும் காரணமில்லை. வாங்குபவர் பணம் தருவாரா என்று அங்கே எந்த வங்கியும் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஏழை நாட்டுக்குக் கடன் தருபவர் அந்தப் பயத்தையும் வட்டியில் சேர்த்துவிடுவார்.

அப்புறம் நாணயம். இயந்திரமும் கடனும் டாலரில், தண்ணீர் வரி உள்ளூர்ப் பணத்தில். 2012 தொடக்கத்துக்கும் 2018-க்கும் இடையில் கானாவின் பணம் டாலருக்கு எதிராகப் பாதிக்கு மேல் மதிப்பிழந்தது. இதற்கு மேல், தண்ணீரை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்டியாக வேண்டும் என்ற வகை ஒப்பந்தம் வேறு. இன்னொரு கொடுமை, கானாவின் குடிநீரில் ஏறக்குறைய பாதி, கசிவிலும் திருட்டிலும் போய் பில்லுக்கே வருவதில்லை. இருப்பதிலேயே விலை கூடிய தண்ணீரை அந்தக் குழாயில் விட்டால் எந்த நிறுவனம் தாங்கும்? என்னைக் கேட்டால் குழாய்க்குத்தான் முதல் கடன் வாங்கியிருக்க வேண்டும்.

சென்னை மட்டும் எப்படிச் சமாளிக்கிறது? 2010-இல் மீஞ்சூர் தண்ணீர் ஆயிரம் லிட்டர் 48 ரூபாய் சொச்சம். வீடுகளில் அந்த விலையை வசூலித்ததில்லை. மிச்சத்தைச் சுமக்க அரசு கஜானா இருந்தது. பேரூரில் கட்டும் 40 கோடி லிட்டர் ஆலைக்கு ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்கா குறைந்த வட்டிக்குக் கடன் தருகிறது. இந்த மாதிரிக் கடன் அக்ராவுக்கும் கிடைத்திருந்தால் கதை வேறு.

டெஷி ஆலையில் பணம் போட்டவர்களுக்கு உலக வங்கிக் குழுமத்தின் மீகா, அதாவது வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அரசியல் அபாயங்களிலிருந்து காப்பு தரும் அமைப்பு, உத்தரவாதம் கொடுத்திருந்தது. அதே குழுமம் நாணயச் சரிவுக்கும் ஒரு உத்தரவாதம் கொடுத்து, வட்டியையும் குறைத்திருந்தால், லாரித் தண்ணீர் வாங்குபவர்களுக்கும் அந்தக் காகிதத்தால் ஏதாவது பிரயோஜனம் இருந்திருக்கும்.