வயிற்றை எக்கிக்கொண்டு எப்படி ஐயா மூச்சை இழுப்பது?

"வயிற்றை எக்குங்கள், நெஞ்சை நிமிர்த்துங்கள், மூச்சை நன்றாக இழுங்கள்!" இன்று காலை உடற்பயிற்சி வகுப்பிலும் இதே அதட்டல்தான். பள்ளி நாளிலிருந்து கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

தானாக விரிவதற்கான தசை நுரையீரலுக்குக் கிடையாது. நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் நடுவே கவிழ்த்த கிண்ணம்போல் வளைந்திருக்கும் உதரவிதானம் என்ற தசை சுருங்கிக் கீழே இறங்க, விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் விலாக்கூட்டை உயர்த்த, நெஞ்சறை அகன்று நுரையீரலுக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றே குறைகிறது. அமைதியாக மூச்சு விடும்போது அந்த வேறுபாடு 1 அல்லது 2 மில்லிமீட்டர் பாதரச அளவுதான். ஏறக்குறைய 500 மில்லிலிட்டர் காற்று உள்ளே வர அதுவே போதும். சரி, இறங்குகிற உதரவிதானம் ஈரலையும் இரைப்பையையும் குடலையும் அழுத்தும்போது அவை எங்கே போகும்? வயிறு முன்னே தள்ளித்தானே ஆக வேண்டும்? அந்த இடத்தையும் எக்கி அடைத்துவிட்டு "நன்றாக இழு" என்பது, கதவைத் தாழிட்டுவிட்டு விருந்தாளியை உள்ளே வா என்பதைப் போன்றது. மல்லாந்து தூங்கும் குழந்தையை ஒரு நிமிடம் பார்த்திருந்தால்கூட இப்படிச் சொல்ல வாய் வராது. அதன் வயிறுதான் ஏறி ஏறி இறங்கும், தோள் அசைவதே இல்லை.

இதோடு விட்டார்களா? வேகவேகமாக ஆழ்ந்து மூச்சு விடச் சொன்னார்கள். சிறிது நேரத்தில் விரல் நுனிகள் மரத்து, உதட்டைச் சுற்றி ஊசி குத்துவதுபோல் உணர்ந்து, தலை சுற்றி அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டேன். அதற்கு எங்கள் பயிற்சியாளர் தந்த விளக்கத்தைக் கேளுங்கள்: "ஆக்சிஜன் போதவில்லை, இன்னும் இழுங்கள்!" நலமான உடலில், சாதாரண மூச்சிலேயே இரத்தம் கொள்ளக்கூடிய ஆக்சிஜனில் பெரும்பகுதி நிரம்பிவிடுகிறது. நான் அளவுக்கு மீறி வெளியேற்றியது கார்பன் டை ஆக்சைடை. இரத்தத்தில் அது குறைந்ததால் மூளைக்குச் செல்லும் நாளங்கள் சுருங்கித் தலை சுற்றியது. அந்த நிலையில் இருப்பவரை இன்னும் இழுக்கச் சொன்னால் மயங்கி விழ வேண்டியதுதான்.

மூச்சை வெளியே விடுவதைப் பற்றி அந்த வகுப்பில் ஒரு சொல் கிடையாது. ஓய்வில் இருக்கும்போது விரிந்த நுரையீரல் தன் மீள்தன்மையாலேயே சுருங்கிக் காற்றை வெளியேற்றிவிடும் என்பதால் அது கட்டளையிட வசதிப்படாத வேலை போலும்.

நாளையும் எக்கச் சொல்வார்கள். நான் வயிற்றைத் தளர விட்டுத்தான் நிற்கப் போகிறேன். தொப்பை தெரிந்தால் தெரியட்டும்.